கரையில் நிற்பவர்

ஆற்றில் வெள்ளம். அது தெரியாமல் ஒருவர் இறங்கப் போகிறார். கரையில் நிற்பவருக்குத் தெரியும்; சாகட்டும் என்றே வாய் திறக்கவில்லை. இறங்கியவர் இறந்துபோகிறார். நின்றவர் செய்தது கொலையா?

1837இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் வரைவோடு இணைத்த குறிப்பில் மெக்காலே இப்படியோர் உதாரணம் தருகிறார். எச்சரிக்கவென்றே அரசு நிறுத்திய சேவகர் என்றால் கொலை. கூட்டிப்போக ஒப்புக்கொண்ட வழிகாட்டி என்றாலும் கொலை. மனிதாபிமானத்தைத் தவிர வேறு பந்தம் இல்லாதவர் என்றால் கொலையல்ல.

1860இல் நிறைவேறிய சட்டமும் இந்தத் தர்க்கத்தில்தான் நின்றது: கடமை உள்ளவர் தவறினால்தான் குற்றம். குழந்தை விஷயத்தில் அந்தக் கடமை யாருக்கு? பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைக் கைவிட்டால் பெற்றோருக்கோ பராமரிப்பவருக்கோ ஏழாண்டுவரை சிறை என்றது 317ஆம் பிரிவு. தந்தை என்ற சொல்லும் அதில் இருந்தது. ஆனால் பிறந்த குழந்தை குப்பைமேட்டில் கிடந்தால் ஊர் தேடுவது பிரசவித்த உடலைத்தான். பார்த்துவிட்டுக் கடந்துபோனவர்களை அந்தப் பிரிவு கண்டுகொள்ளவில்லை.

கரையில் நிற்பவரைச் சட்டம் திரும்பிப் பார்க்க நெடுங்காலம் ஆனது. 2012இல் வந்த போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, குழந்தைமீதான பாலியல் குற்றத்தை அறிந்த எவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சுகிற எவரும், காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்றது. தவறினால் ஆறு மாதம்வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கீழே வேலை செய்பவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டுவரை. கைவிடப்பட்டதாகத் தோன்றும் குழந்தையைக் கண்டு பொறுப்பேற்பவர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் சேர்த்தது. இரண்டும் சொல்லத்தான் சொல்கின்றன; ஆற்றில் இறங்கித் தூக்கச் சொல்லவில்லை.

மகாராஷ்டிரத்தின் ராஜுராவில் பழங்குடிச் சிறுமியர் விடுதி ஒன்றில் நடந்த வன்முறையைத் தெரிவிக்கவில்லை என்று ஒரு மருத்துவர்மீது வழக்கு. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தெரிந்தும் சொல்லாமலிருப்பது கடுமையான குற்றம் என்று கூறி, 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை நீக்கியது. சரியான இடத்தில் விழுந்த அடி. மருத்துவருக்குப் படிப்பு இருந்தது, பதவி இருந்தது, சொன்னால் கேட்க ஆளும் இருந்தது.

குற்றவாளி கணவனாகவே இருக்கும் வீட்டில், அவன் சம்பளத்தில் சமைக்கிற தாயும் அதே 19ஆம் பிரிவில்தான் வருகிறாள். அவள் சொல்லாமலிருந்தால் அவளுக்கும் ஆறு மாதம். சொன்ன மறுநாள் அவள் எங்கே தங்குவாள் என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. தெரிவிக்காததற்குத் தண்டனை இல்லை என்ற விலக்கு அங்கே குழந்தைகளுக்கு மட்டுமே.