ரோசந்தால் சமன்பாடும் பாய்வுக் கணக்கும்

லேசர் வெல்டிங்கில் உருகும் உலோகத்தின் வெப்பநிலையை அறிய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 1941இல் டேனியல் ரோசந்தால் வெளியிட்ட நகரும் வெப்ப மூலச் சமன்பாடு. மற்றொன்று, உருகுகுளத்துக்குள் ஓடும் திரவத்தின் வேகத்தையும் அழுத்தத்தையும் வெப்பநிலையோடு சேர்த்துக் கணிக்கும் எண்முறைப் பாய்வு மாதிரி. முன்னது லேசர் பிறப்பதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டது. ஒரே வரியில் அடங்கும். பின்னது கணினியில் மணிக்கணக்கில் ஓடும். பழையதைத் தள்ளிவிட்டுப் புதியது வந்ததாகவே மேலோட்டமாகப் பார்த்தால் தோன்றும். அருகருகே வைத்துப் பாருங்கள், கதை வேறு.

ரோசந்தாலுக்குத் தகடு முழுவதும் திடப்பொருள். வெப்பம் அதில் கடத்தலால்தான் செல்லும், எதுவும் ஓடாது. உருகுவதற்குச் செலவாகும் வெப்பத்துக்கு அவர் கணக்கில் இடமில்லை. மூலம் ஒரு புள்ளி என்பதால் அங்கே வெப்பநிலை முடிவிலிக்குப் போய்விடும். பாய்வு மாதிரியிலோ குளம் சில மில்லிமீட்டர் அகலமே இருந்தாலும் திரவத்தின் வேகம் நொடிக்கு ஒரு மீட்டர் அளவை எட்டக்கூடும்.

வேறுபாட்டைக் கூர்மையாகக் காட்டுவது கந்தகம். தூய எஃகில் வெப்பம் ஏற ஏறப் பரப்பு இழுவிசை குறையும். ஆகவே சூடான நடுப்பகுதியிலிருந்து விளிம்பை நோக்கித் திரவம் இழுக்கப்பட்டு, குளம் அகன்று ஆழம் குறைகிறது. சிறிதளவு கந்தகம் சேர்ந்தால் இந்த உறவு தலைகீழாகும். திரவம் விளிம்பிலிருந்து உள்நோக்கி வந்து நடுவே கீழிறங்க, குளம் ஆழமாகிறது. 1982இல் ஹைப்பிள், ரோப்பர் இருவரும் இதைத் தெளிவுபடுத்தினர். ரோசந்தால் சமன்பாட்டில் கந்தகத்தை எழுத ஒரு குறியீடுகூடக் கிடையாது. தடித்த தகட்டில் அது தரும் வெட்டுமுகம் எப்போதும் அரைவட்டம்தான்.

இதோடு பாய்வு மாதிரி வென்றது என்று சொல்லிவிடலாமா? 1996இல் பிட்ஷெனேடர், தேப்ராய் குழுவினர் வெளியிட்ட ஆய்வைப் பார்ப்போம். பத்து லட்சத்தில் 20 பங்கு கந்தகம் உள்ள எஃகு ஒன்று, 150 பங்கு உள்ளது மற்றொன்று. 5200 வாட் லேசரில் 150 பங்கு எஃகின் குளம் மிக ஆழமாக இறங்கியது. 1900 வாட்டில் இரண்டின் குளங்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. காரணம் பெக்லே எண். ஓட்டம் சுமக்கும் வெப்பத்துக்கும் கடத்தல் சுமக்கும் வெப்பத்துக்கும் உள்ள விகிதம் அது. குறைந்த வாட்டில் அந்த எண் சிறியது. திரவம் எந்தப் பக்கம் ஓடினாலும் வெப்பத்தைக் கொண்டுபோவது கடத்தலே. ரோசந்தாலின் எளிமையான அனுமானம் எங்கே செல்லுபடியாகும் என்பதை அவருடைய மறுதரப்பான பாய்வு மாதிரியே அளந்து சொல்கிறது. இது எனக்கு மிகவும் பிடித்த முடிவு.

ஆழ வெல்டிங்கில் இன்னும் பெரிய வியப்பு. கதிரின் செறிவு சதுர சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் வாட் அளவை எட்டும்போது உலோகம் ஆவியாகிக் கீஹோல் என்னும் துளை உண்டாகிறது. இங்கே பழைய சமன்பாட்டுக்கு வேலை இருக்காது என்றே நினைப்போம். ஆனால் 1994இல் காப்லான் அந்தத் துளையின் வடிவத்தைக் கணித்தபோது, சுவர் ஒவ்வோர் ஆழத்திலும் எவ்வளவு வெப்பத்தை உலோகத்துக்குள் இழக்கிறது என்பதை ரோசந்தாலின் நகரும் கோட்டு மூலத் தீர்வைக் கொண்டே எழுதினார். 2007இல் தேப்ராய் குழு டான்டலம், வனேடியம், டைட்டேனியக் கலவை, 304எல் எஃகு ஆகியவற்றின் பாய்வைக் கணக்கிட்டபோதும், துளையின் வடிவத்தை இதே வெப்பச் சமநிலை வழியில் முதலில் பெற்று, அதைச் சுற்றியே திரவத்தை ஓடவிட்டது. புதிய மாதிரியின் நடுவில் பழையது உட்கார்ந்திருக்கிறது.

குறையிலும் இவை உறவினர். கடத்தல் மாதிரிகளை எழுதுவோர் ஓட்டத்தை ஈடுகட்ட உருகிய பகுதியின் கடத்துதிறனைச் செயற்கையாக உயர்த்துவார்கள். பாய்வு மாதிரியை எழுதுவோர் சிறு சுழல்களை ஈடுகட்ட அதே கடத்துதிறனையும் பாகுநிலையையும் உயர்த்துவார்கள். கதிரில் எத்தனை சதவீதம் உறிஞ்சப்படுகிறது என்பதை இருவரும் பெரும்பாலும் பொருத்தியே எடுக்கிறார்கள். இருவருக்கும் தேர்வாளர் ஒன்றே: வெல்டைக் குறுக்கே அறுத்து, மெருகேற்றி, அமிலம் தடவியதும் தெரியும் உருகு எல்லைக்கோடு.

குளத்துக்கு வெளியே குளிரும் வேகமும் வெப்பம் பாதித்த பகுதியின் அகலமும் தெரிந்தால் போதும் என்றால் ரோசந்தாலே போதும். கந்தகம், நுண்துளை, குளத்தின் வடிவம் என்றால் பாய்வு மாதிரியைத் தவிர வழியில்லை. எதைத் தொடங்கினாலும் முதலில் பெக்லே எண்ணைக் கையால் போட்டுப் பாருங்கள். அது ஒன்றைவிடச் சிறியதாக வந்தால், கணினியைப் பல மணி நேரம் ஓட்ட வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது.