கண்ணுக்குத் தமிழ்... காதுக்கு?

ஒரு தமிழ் இணையதளம் சரியாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? திறந்து பார்த்தால் போதும், எழுத்து ஒழுங்காகத் தெரிந்தால் தளம் சரி என்றுதான் பல வருடங்கள் நினைத்திருந்தார்கள். ஆனால் அதே பக்கத்தைப் பார்வையற்ற ஒருவர் திறந்தால் கதையே வேறு!

பார்வையற்றவர்கள் கணினியைக் காதால் படிக்கிறார்கள். திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருளுக்கு ஸ்கிரீன் ரீடர் என்று பெயர். 1978-ல் கார் விபத்தில் பார்வை இழந்த டெட் ஹென்டர் என்ற அமெரிக்கரின் நிறுவனம் 1989-ல் வெளியிட்ட 'ஜாஸ்' இவற்றில் புகழ்பெற்றது. எழுத்தின் வடிவம் அதற்குத் தெரியாது. எழுத்துக்குப் பின்னால் இருக்கும் குறியீட்டைத்தான் அது படிக்கும்.

சிட்னி சொன்ன பாடம்

இணையதளங்கள் எல்லோருக்கும் பயன்பட வேண்டும் என்ற முதல் உலக வழிகாட்டி 1999 மே 5 அன்று வெளியானது. படம் போட்டால் அது என்ன படம் என்று எழுத்திலும் சொல்லுங்கள் என்பதே அதன் முதல் விதி.

அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில் புரூஸ் மகுவயர் என்பவர் ஒரு புகார் கொடுத்தார். பிறவியிலேயே பார்வையற்ற அவரால் சிட்னி ஒலிம்பிக் தளத்தைப் பயன்படுத்த முடியவில்லை. சரிசெய்ய ஒரே ஆள் தினமும் 8 மணி நேரம் உழைத்தாலும் 368 நாள் ஆகும் என்றது ஒலிம்பிக் குழு. மனித உரிமை ஆணையம் அதை ஏற்கவில்லை. 2000 நவம்பரில் 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

பாமினியில் எழுதிய தமிழ்

தமிழில் இருந்த சிக்கல் படத்தோடு நிற்கவில்லை, எழுத்திலேயே இருந்தது. அன்று பத்திரிகைக்கு ஒரு எழுத்துரு, நிறுவனத்துக்கு ஒரு எழுத்துரு. எல்லாமே ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை உட்கார வைத்தவை. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று தட்டினால் கண்ணுக்குத் 'தமிழ்' என்றே தெரியும். உள்ளே இருப்பதோ ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஒரு அரைப்புள்ளி! ஸ்கிரீன் ரீடர் அதைத்தான் படிக்கும். ஒரு முழுச் செய்தியை இப்படிக் கேட்டால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

1999-ல் தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டு குறியீடுகளைத் தரப்படுத்தியது. குழப்பம் குறைந்தது, ஆனால் சாதாரண ஸ்கிரீன் ரீடருக்கு அவையும் புரியாது. தமிழ் எழுத்துக்குத் தனி இடம் தந்தது யூனிகோடு. 1991-லேயே அதில் தமிழ் இருந்தும், 2010 ஜூனில்தான் தமிழக அரசு அதை ஏற்று அரசாணை வெளியிட்டது. இடையில் 2006-ல் ஆஸ்திரேலியாவின் பார்வையற்ற இளைஞர்கள் இருவர் தொடங்கிய 'என்விடிஏ' என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசமாகவே கிடைத்தது. அதனுடன் வரும் குரல் மென்பொருளுக்குத் தமிழும் தெரியும். ஆனால் பக்கம் யூனிகோடில் இருந்தால்தான் அந்தக் குரலுக்கு வேலை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாமினிப் பக்கத்தைப் பார்வையுள்ள எத்தனை பேர் சோதித்தாலும் பிழை தெரியாது. அவர்கள் கண்ணுக்கு அங்கே பிழையே இல்லை!

சட்டம் வந்த வழி

2009-ல் மத்திய அரசு தன் இணையதளங்களுக்கான வழிகாட்டியை வெளியிட்டது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 46-வது பிரிவு தனியார் சேவைகளையும் உள்ளே கொண்டு வந்தது. ஆனாலும் விதிகள் வெறும் பரிந்துரையாகவே இருக்கின்றன, கட்டாயமாக்குங்கள் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்து வந்தது பிரக்யா பிரசூன் வழக்கு. அமில வீச்சில் கண்கள் சிதைந்த அவரிடம் வங்கிக் கணக்கு தொடங்க கேமரா முன் கண் சிமிட்டச் சொன்னார்கள். அவரால் எப்படி முடியும்? பார்வையற்ற அமர் ஜெயின் தொடுத்த வழக்கும் சேர்ந்துகொண்டது. நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு 2025 ஏப்ரல் 30 அன்று இணைய வசதியை வாழும் உரிமையின் பகுதி என்று அறிவித்து 20 உத்தரவுகள் பிறப்பித்தது. செயலியோ தளமோ உருவாக்கும்போது பார்வையற்றவர்களையும் சோதனையில் சேர்க்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. பாமினி காலத்திலேயே கற்றிருக்க வேண்டிய பாடம்!

2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம் பேர். திருமுடிவாக்கம் சிட்கோவில் ஒரு சிறு பட்டறை தொடங்கும் தளமானாலும், சென்னையின் பெரிய வங்கிச் செயலியானாலும், அவர்களும் வாடிக்கையாளர்களே. என்விடிஏ-வை நிறுவி, திரையை அணைத்துவிட்டு, உங்களுக்குப் பிடித்த தமிழ்ப் பக்கத்தை ஐந்து நிமிடம் கேட்டுப் பாருங்கள். பிறகு பார்வையற்ற நண்பர் ஒருவரிடம் கொடுத்துக் கேளுங்கள். உங்களுக்குப் பிடிபடாத பிழைகளை அவர் சொல்வார்.