அரசு ஆவணங்களும் மாவட்ட நூலகத்தின் கடமையும்

1928ஆம் ஆண்டு டிசம்பரில், சிதம்பரம் மீனாட்சி கல்லூரியில் கூடிய மாகாணக் கல்வி மாநாட்டில், சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் நூலக இயலின் ஐந்து விதிகளை முதன்முதலாகப் பொதுச்சபையில் எடுத்துரைத்தார். நூல்கள் பயன்பாட்டுக்கே என்னும் முதல் விதி, சர்க்கார் வெளியிடும் அரசாணைக்கும் அறிக்கைக்கும் புள்ளிவிவரத்துக்கும் விசேஷமாகப் பொருந்தும். ஏனெனில் அவை பிரஜைகளின் வரிப்பணத்தில் உருவாகி, அவர்களுடைய நிலத்தையும் நீரையும் தொழிலையும் ஆள்பவை. அவற்றைத் திரட்டிக் காத்து வழங்கும் பொறுப்பை மாவட்ட மைய நூலகத்துக்குச் சட்டமே விதிக்கவேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

காத்தல் என்பது ஒரே பிரதியை ஒரே கட்டடத்திற் பூட்டி வைப்பதன்று என்பதற்குக் கடலூரின் சரித்திரமே சாட்சி. 1690இல் ஆங்கிலக் கம்பெனியார் வாங்கிய புனித டேவிட் கோட்டையை, 1758இல் லாலியின் பிரெஞ்சுப் படை கைப்பற்றித் தகர்த்தது. ஆயினும் அதன் நிர்வாகம் நடந்த விதத்தை இன்றும் நாம் அறிய முடிவது, அங்கிருந்து சென்ற கடிதங்கள் சென்னையிலும் லண்டனிலும் பாதுகாக்கப்பட்டமையாலேயே. 2004இல் ஆழிப்பேரலையையும் 2011இல் தானே புயலையும் கண்ட கரையோர மாவட்டத்தில், ஓர் அலுவலகத்து அலமாரியை மட்டும் நம்பியிருத்தல் விவேகமாகாது.

இப்பொழுதுள்ள ஏற்பாடோ தலைநகரத்தையே நோக்கியது. 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டம், அலுவலக உபயோகத்துக்கு மட்டுமான பிரசுரங்கள் நீங்கலாக, அரசாங்க வெளியீடுகளுக்கும் பொருந்துமாயினும், தமிழகத்தில் அவற்றைப் பெறும் உரிமை சென்னை எழும்பூரிலுள்ள கன்னிமாரா நூலகத்துக்கே உண்டு. மாநில ஆவணக் காப்பகமும் அதே எழும்பூரில்தான் இருக்கிறது. வீராணம் ஏரியின் நீர் சென்னைக்குக் குழாய்வழி செல்கின்ற இக்காலத்தில், அந்நீர்ப் பங்கீடு பற்றிய பழைய உத்தரவுகளைக் காண விழையும் காட்டுமன்னார்கோயில் விவசாயிக்கு அவை தம் மாவட்டத்திலேயே கிடைக்கவேண்டும் என்பது நியாயமன்றோ?

தகவல் அறியும் உரிமைச் சட்டம் (2005) இருக்கையில் இது எதற்கு என்பார் உளர். அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு, அலுவலகங்கள் தாமாகவே வெளியிட வேண்டிய பதினேழு இனங்களை அடுக்குமிடத்து, பொதுமக்களுக்கென நூலகமோ வாசகசாலையோ நடத்தப்படுமாயின் அதன் வேலைநேரத்தையும் அறிவிக்கச் சொல்கிறதேயன்றி, அத்தகைய நூலகத்தை அமைக்குமாறு கட்டளையிடவில்லை. மேலும், இன்ன ஆவணம் இருக்கிறது என்றே அறியாதவர் அதனைக் கேட்டு மனு எழுதுவது எங்ஙனம்? பொருள்வாரியாக அமைந்த நூற்பட்டியொன்றே அவ்வறியாமையை நீக்க வல்லது. இணையத்தில் யாவும் உள்ளனவே எனின், புதிய பதிப்பு ஏறியவுடன் பழையது மறையக்கூடிய இடம் அது; வெளியிட்டவரே காவலராகவும் இருப்பின், மாற்றத்துக்குச் சாட்சி இராது.

அமெரிக்கக் காங்கிரஸ், தன் நடவடிக்கைக் குறிப்புகளையும் ஆவணங்களையும் பல்கலைக்கழகங்களுக்கும் சரித்திர சங்கங்களுக்கும் அனுப்ப 1813இலேயே தீர்மானித்தது. நமக்கோ 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் இருக்கிறது. சொத்துவரியோடு நூலக வரியும் செலுத்தும் மக்கள் இருக்கிறார்கள். மாவட்டத்தைப் பற்றிய ஒவ்வொரு வெளியீட்டின் ஒரு பிரதி கடலூர் மைய நூலகத்துக்கும், மற்றொன்று சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழக நூலகத்துக்கும், வெளியான மாதத்திலேயே சேரவேண்டும் என அச்சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தல், பெருஞ்செலவின்றி இயலக்கூடியது, செய்தே தீரவேண்டியதுமாகும்.