கூரை மட்டும் போதாது, சேறும் வேணும்

வீட்டில் கூடு கட்டும் பறவை என்றதும் சிட்டுக்குருவிதான் ஞாபகத்துக்கு வரும். குறுந்தொகையின் 46ஆம் பாடலில் மாமிலாடன் அதைக் குஞ்சுகளோடு வீட்டு இறப்பில் குடிவைக்கிறார். நம் சுவரில் மண்ணால் வீடு கட்டும் இன்னொரு குருவியும் உண்டு: தகைவிலான். தகைவு என்றால் தளர்ச்சி. ஓயாமல் பறப்பதால் வந்த பேர்.

பனிக்காலத்தில் மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருப்பவை பெரும்பாலும் வடக்கிலிருந்து வந்த விருந்தாளிகள், இங்கே முட்டையிடுவதில்லை. ஐரோப்பாவில் குளிர்காலம் வந்தால் இவை எங்கே போகின்றன என்று இரண்டாயிரம் வருஷம் குழம்பினார்கள். பொந்துகளில் ஒளிந்துகொள்கின்றன என்றார் அரிஸ்டாட்டில். 1911இல் இங்கிலாந்தில் காலில் வளையம் மாட்டிய ஒரு குருவி, 1912 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் ஒரு பண்ணை வீட்டில் அகப்பட்டது. அப்போதுதான் பாதி விடை கிடைத்தது.

இங்கேயே தங்கிக் கூடு வைப்பது செம்பிட்டத் தகைவிலான். ஈரச் சேற்றை அலகால் உருண்டை உருண்டையாகக் கொண்டுவந்து, நீண்ட கழுத்துள்ள குடுவை மாதிரி ஒட்டும். ஆதியில் அதன் இடம் மலைச்சரிவும் குகையும். மனிதன் கல் மண்டபம் கட்டினான், பாலம் கட்டினான், மாடி வீட்டுக்கு சன்ஷேடு போட்டான். குருவிக்கு எல்லாமே பாறைதான். திண்டுக்கல் மலைக்கும் அதன்மேல் நாயக்கர்கள் எழுப்பிய கோட்டைக்கும் அது வித்தியாசம் பார்க்காது.

ஆக, இந்த உறவில் நம்முடைய தயவு ரொம்பக் கம்மி. கலைக்காமல் விட்டோம், அவ்வளவுதான். அதுவும் சின்ன விஷயமில்லை. 2020இல் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில், தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு குருவி முட்டையிட்டது. குஞ்சு பறக்கும்வரை ஊரே ஒரு மாதத்துக்கும் மேல் இருட்டில் இருந்தது.

தகைவிலானுக்கு அந்தப் பெருந்தன்மை மட்டும் போதாது. சிட்டுக்குருவிக்கு மரப்பெட்டி மாட்டலாம். இதற்குச் சேறு வேணும். திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகும் சாலையில், சிறுமலைக்கு வடக்கே இருக்கிற சாணார்பட்டி மாதிரியான வறண்ட ஊர்களில், சேறு என்றால் குளத்தங்கரையும் வாய்க்காலும்தான். கூரைகளை நாம் கூட்டிக்கொண்டே போகிறோம். கரைக்கு கான்கிரீட் போடும்போது, கட்டுமானப் பொருளை மட்டும் பிடுங்கிக்கொள்கிறோம். குளத்தின் ஒரு ஓரமாவது மண்ணாகவே கிடக்கட்டும்.