மலிந்த பந்தும் நிறைந்த திடலும்



கோல்ஃப் என்றாலே செல்வர் விளையாட்டு என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. ஆனால், அவ்விளையாட்டின் தாயகமாகப் போற்றப்படும் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில், ஊர்மக்கள் பல நூற்றாண்டுகளாகக் கட்டணம் ஏதுமின்றி ஆடி வந்தனர். அங்குள்ள கடலோரப் புல்வெளியில் ஆடும் உரிமை ஊர்மக்களுக்கு உண்டு என்பதைப் பேராயர் ஜான் ஹாமில்டனின் 1552ஆம் ஆண்டு ஆவணம் ஏற்றுக்கொள்கிறது.

திடல் இலவசம், ஆயினும் கூட்டம் குறைவே. காரணம், பந்து. வேகவைத்த இறகுகளைத் தோலுறைக்குள் திணித்துத் தைக்கும் பந்து அது. தேர்ந்த கைவினைஞரும் ஒரு நாளில் சில பந்துகளே செய்ய முடியும். விலையோ மிகுதி, நனைந்தால் விரைவில் கெடும். வாயிலில் கட்டணம் இல்லாவிடினும், பந்தின் விலையே வாயிற்காவலனாய் நின்றது.

அக்காவலனை அகற்றியது நம் வட்டாரத்து மரம் ஒன்று! சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி, 'கெத்தா பெர்ச்சா' மரப்பாலின் மாதிரிகளை 1843இல் இலண்டனுக்கு அனுப்பினார். உறைந்த அப்பால் வெந்நீரில் இளகும்; ஆறினால் இறுகும். 1848 அளவில் அதனைக் கொண்டு மலிவான, உறுதியான பந்துகள் உருவாயின. இறகுப்பந்து செய்துவந்த ஆலன் ராபர்ட்சன் அவற்றைக் கடுமையாக எதிர்த்தார். அவரிடம் பணியாற்றிய டாம் மோரிஸ் புதிய பந்தை ஆடியதால் பிணக்கு மூண்டது. மோரிஸ் 1851இல் பிரஸ்ட்விக் நகருக்குச் சென்றுவிட்டார்.

பந்து மலிந்ததும் திடல் நிறைந்தது. போகும்போதும் திரும்பும்போதும் ஒரே குழிகளை நோக்கியே ஆடும் வழக்கம் இருந்ததால், எதிரெதிரே வருவோர் ஒருவருக்கொருவர் இடையூறாயினர். எனவே, 1850களில் புல்தரைகளை அகலப்படுத்தி, ஒரே தரையில் இரு குழிகளை அமைத்தனர். கூட்டம் மேலும் பெருகவே, 1895இல் இரண்டாம் திடலும், 1897இல் மூன்றாம் திடலும், 1914இல் நான்காம் திடலும் திறக்கப்பட்டன. வெளியூராரிடம் கட்டணம் பெறத் தொடங்கியது 1913இல்தான். ஊர்மக்களோ 1946 வரை கட்டணமின்றியே ஆடினர். சிறுவரும் புதியவரும் ஆடுவதற்கென 1972இல் ஒன்பது குழிகள் கொண்ட சிறு திடலும் அமைந்தது. பழைய திடலில் இன்றும் பலருக்குக் குலுக்கல் முறையிலேயே வாய்ப்புக் கிடைக்கிறது.

இவ்வரிசையை எண்ணிப் பாருங்கள். முதலில் இருக்கும் இடத்தைப் பகிர்ந்தனர். பின்னர் இடத்தைப் பெருக்கினர். அதன் பிறகே கட்டணம் விதித்தனர். அதுவும் விருந்தினரிடம் முதலில், ஊராரிடம் இறுதியில். பொதுச்சொத்தில் நெரிசல் ஏற்பட்டவுடன் கட்டணத்தை உயர்த்துவதே வழி என்போர்க்கு இது நல்லதொரு மறுமொழி.

எனினும், கணக்கு அங்கேயே முடிந்துவிடவில்லை. அந்த மரப்பாலுக்காக இங்கே மரங்களை வெட்டிச் சாய்த்தனர். பந்துகளுக்கு மட்டுமன்றிக் கடலடித் தந்திக் கம்பிகளுக்கும் அது தேவைப்பட்டது. சிங்கப்பூர்க் காடுகளில் அம்மரம் சில ஆண்டுகளிலேயே அருகிப்போயிற்று. அங்கே மலிந்த பந்தின் விலையில் ஒரு பகுதியை இங்கிருந்த காடு செலுத்தியது. மாணவர்க்கு இவ்வரலாற்றைச் சொல்லும்போது, இவ்விரு பக்கங்களையும் சேர்த்தே சொல்வோம்.