சாக்கடைக்கு ஒரு பிராண்டு

காஸ்ட் அக்கவுண்டிங்கில் பை-பிராடக்ட் என்றதும் எல்லோரும் சர்க்கரை ஆலை மொலாசஸைத்தான் எழுதுவோம். என் உதாரணம் சாக்கடை. முகம் சுளிக்காமல் படியுங்கள் நண்பர்களே!

அமெரிக்காவின் மில்வாக்கி நகரக் கழிவுநீர் ஒரு காலத்தில் ஆறுகள் வழியாக மிச்சிகன் ஏரியில்தான் போய்ச் சேர்ந்தது. குடிநீரும் அதே ஏரியிலிருந்துதான்! இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர், கழிவுநீரில் காற்றைச் செலுத்தி, நுண்ணுயிரிகளை வளர்த்து, அவற்றையே அழுக்கைத் தின்ன வைக்கும் முறையை 1914-ல் வெளியிட்டார்கள். மில்வாக்கி அதை வைத்து ஜோன்ஸ் தீவில் பெரிய நிலையம் கட்டியது. 1925-ல் அது ஓடத் தொடங்கியது. தண்ணீர் தெளிந்தது, சேறு குவிந்தது.

சேற்றில் பெரும்பகுதி அந்த நுண்ணுயிரிகள்தான், அதாவது நைட்ரஜன். சூட்டில் உலர்த்தி மணிமணியாக்கினார்கள். ஓ. ஜே. நோயர் என்பவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தார். சத்து மெதுவாக இறங்குவதால் புல் கருகவில்லை. கோல்ஃப் மைதானக்காரர்கள் விடுவார்களா! போட்டி வைத்துப் பெயரும் பிடித்தார்கள்: மில்வாக்கி, ஆர்கானிக், நைட்ரஜன் மூன்றையும் சுருக்கி 'மிலோர்கனைட்'. 1926-ல் விற்பனைக்கு வந்த மூட்டை இன்றும் கடையில் கிடைக்கிறது. இதில் வரும் பணம் சுத்திகரிப்புச் செலவை முழுதாக ஈடுகட்டாது, குறைக்கும். அதுவே பெரிசு என்பேன்.

ஆனால் ஊர் எதைக் குழாயில் கொட்டுகிறதோ அதுதான் சேற்றிலும் வரும். காட்மியம், ஈயம் போன்ற உலோகங்களுக்கு அமெரிக்க அரசு 1993-ல் வரம்பு வைத்தது. ஒட்டாத தவாவிலும் நனையாத துணியிலும் இருக்கும் பிஎஃப்ஏஎஸ் ரசாயனங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. மெயின் மாநிலத்தில் பல ஊர்களின் சேறு உரமாகப் போன வயல்களில், மண்ணிலும் சில பண்ணைகளின் பாலிலும் அவை கிடைத்தன. சேற்றை வயலில் போடுவதையே அந்த மாநிலம் 2022-ல் தடை செய்தது. விவசாயிகளுக்கு உதவ 6 கோடி டாலர் ஒதுக்கியது. அதற்குள் சில பண்ணைகள் மூடிவிட்டிருந்தன.