ஒரு வாளியும் நான் கற்ற மொழிகளும்

பாரிஸ் நகரில் வாழும் மகனின் குடும்பத்தோடு 2014ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் லிஸ்பன் நகருக்குச் சென்றிருந்தேன். நாங்கள் தங்கியிருந்த சிறிய விடுதியின் படிக்கட்டை ஒரு பெண்மணி கழுவிக்கொண்டிருந்தார். அவருக்கு அருகிலிருந்த வாளியைச் சுட்டிக்காட்டி, அதன் பெயர் என்னவென்று சைகையால் கேட்டேன். அவர் வியப்போடு என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "பால்டெ" என்றார். சொல்லின் இறுதி உயிர் காதில் விழவே இல்லை.

"ஏன் அப்பப்பா, வாளியின் பெயர் உங்களுக்கு எதற்கு?" என்று பேத்தி கேட்டாள். அன்று நான் மறுமொழி கூறவில்லை. கூறியிருந்தாலும் பத்து வயதுப் பிள்ளைக்கு அது விளங்கியிராது. இப்பொழுது அவள் வளர்ந்துவிட்டாள். அவளுக்குச் சொல்லவேண்டியதை வாசகர்களாகிய உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

எத்தனை மொழிகள் தெரியும் என்று பத்திரிகையாளர்களிடம் கேட்பது வழக்கம். என் கணக்கு மிகச் சிறியது. தமிழ் தாயிடமிருந்து வந்தது. ஆங்கிலம் பாடசாலையில் வந்தது. சிங்களம் தொழிலிடத்தில் வந்தது. பிரெஞ்சில் பேரப்பிள்ளைகள் கற்பித்த பத்துப் பன்னிரண்டு சொற்களும் உண்டு. இவற்றுள் ஆங்கிலமே ஏழு கடல் தாண்டி வந்த அந்நிய மொழி. ஆயினும், யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எங்களுக்கு அது அந்நியமாகத் தோன்றியதேயில்லை. எங்கள் நாட்டின் பெரும்பான்மை மக்கள் பேசிய சிங்களமே அந்நியமாக இருந்தது.

இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணத்திற் கால்பதித்து, 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவினர். 1841இல் 'உதயதாரகை' தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவரத் தொடங்கியது. ஆங்கிலம் கற்றவனுக்கு அரசாங்கக் கந்தோரில் உத்தியோகம் கிடைத்தது. மலாயாவுக்குக் கப்பலேறவும் வழி பிறந்தது. வரண்ட மண்ணில் வாழ்ந்த மக்களுக்கு அந்த மொழி ஒரு வயற்காணியைப் போன்றது. சிங்களத்தைக் கற்க அத்தகைய தேவை எதுவும் அன்று எழவில்லை. தெற்கே கடை வைத்திருந்த வர்த்தகர்கள் மட்டும் அதை நன்கு பேசினார்கள். படித்தவர்களுக்கு அது தெரியாது.

சிங்களத்தை ஆட்சிமொழியாக்கவேண்டுமென்று ஜே. ஆர். ஜெயவர்த்தனா 1944இல் அரசாங்க சபையிற் பிரேரணை கொண்டுவந்தபோது, வி. நல்லையாவின் திருத்தத்தினால் தமிழும் அதிற் சேர்க்கப்பட்டது. அந்த இணக்கம் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க ஆட்சிமொழிச் சட்டம் சிங்களத்தை மட்டுமே அரியணையில் ஏற்றியது. அப்பொழுது எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் பாடசாலையில் வாரம் இரண்டு பாடவேளை சிங்களம் கற்பிக்கப்பட்டு வந்தது. சட்டம் நிறைவேறிய சில நாட்களில் நாங்கள் அந்தப் புத்தகங்களை மூடிவைத்தோம். எவரும் எங்களைத் தூண்டவில்லை. அது மானப் பிரச்சினை என்று சிறுவர்களாகிய எங்களுக்கும் விளங்கியிருந்தது.

என் சிறிய தந்தையார் அரசாங்க எழுதுவினைஞராகக் கொழும்பிற் பணியாற்றியவர். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடையாத உத்தியோகத்தர்களுக்குச் சம்பள உயர்வு நிறுத்தப்பட்ட காலம் அது. அவருக்குச் சிங்களம் பேசத் தெரியும். அயலவர்களோடு நாள்தோறும் பேசியவர்தான். எனினும், பரீட்சை மண்டபத்துக்குச் செல்ல மறுத்துவிட்டார். "விரும்பிப் பேசிற பாஷையை, வெருட்டினா எப்பிடியடா பேசிறது?" என்று என்னிடம் கேட்டார். முன்கூட்டியே ஓய்வுபெற்று ஊருக்கு வந்து, மிளகாய்த் தோட்டம் செய்து காலத்தைக் கழித்தார். அவர் செய்தது சரியா, பிழையா என்று இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

1966இல் நான் கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழின் ஆசிரிய பீடத்திற் சேர்ந்தேன். தொலையச்சு இயந்திரம் கக்கித் தள்ளும் ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவது என் வேலை. 1969 ஜூலை 21 அதிகாலையில், மனிதன் சந்திரனில் இறங்கிய செய்தி வந்தபோது, கலைச்சொற்களுக்காக அகராதியோடு மல்லாடியது மறக்கமுடியாத அனுபவம். ஆங்கிலத்தோடு இரவு பகலாகப் போராடிய எனக்கு, அச்சு இயந்திரப் பகுதியில் வேலைசெய்த சிங்களத் தொழிலாளர்களோடு ஒரு வசனம் பேசத் தெரியாதிருந்தது வெட்கத்தைத் தந்தது.

ஒருநாள் துணிந்து பேசினேன். புரூஃப் தாள் ஒன்றை நீட்டி, "பாருங்கள்" என்னும் பொருளில், கேட்டறிந்திருந்த சிங்களச் சொல்லைச் சொன்னேன். இயந்திரப் பகுதி முழுவதும் சிரித்தது. ஒருவர், "கோடரி கொண்டு வரட்டுமா?" என்று கேட்டார். சிங்களத்தில் 'பார்' என்பதும் 'பிள' என்பதும் முதல் ஒலி ஒன்றினால் மட்டுமே வேறுபடுகின்றன. 'பலன்ன' என்பதன் முதலெழுத்தை நாங்கள் 'அம்பு' என்னும் சொல்லின் நடுவில் ஒலிப்பதைப் போல ஒலித்தால் 'பாருங்கள்'. 'பல்' என்பதைப் போல ஒலித்தால் 'பிளவுங்கள்'. நான் தாளைப் பிளக்கச் சொல்லியிருக்கிறேன். தமிழ் நெடுங்கணக்கில் இவ்விரண்டு ஒலிகளுக்கும் ஒரே பகரந்தான். சொல்லின் தொடக்கத்தில் வல்லொலியாகவே அது எங்கள் வாயில் வரும். ஊரில் முதியவர்கள் பஸ்ஸை 'வசு' என்றதும் இதனாலேதான்.

சிரித்தவர்களில் மூத்தவர் ஒருவர் எனக்கு ஆசானானார். நான் அவரை மரியாதையாக "ஐயா" என்று அழைத்தேன். சிங்களத்தில் 'அய்யா' என்றால் அண்ணன். நான் மரியாதை கொடுப்பதாக நினைத்துக்கொண்டு உறவு கொண்டாடியிருக்கிறேன். அவரும் மறுக்காமல் என்னை "மல்லி", அதாவது தம்பி, என்று அழைத்தார். இரவுக் கடமையில் தேநீர் குடிக்கும் வேளைகளிலேதான் பாடம். என் கையைப் பிடித்து அவருடைய தொண்டையில் வைத்து, ஒலி அதிர்வதை உணரச் செய்தார். 'அம்பு' என்று சொல்லி, முன்பாதியை மெல்ல விழுங்கிப் பழகும்படி நான் எனக்கே ஒரு வழி வகுத்துக்கொண்டேன். கண்ணிற்பட்ட பொருள்களே பாடப்புத்தகம். வாங்கு 'பங்குவ'. போத்தல் 'போதலய'. மை கழுவும் வாளி 'பால்திய'. அந்தக் கடைசிச் சொல் மட்டும் எனக்குப் படியவேயில்லை. பல வாரங்கள் அதைச் சொல்லவைத்தார்.

பின்னாளில் சொற்களின் வரலாற்றைப் படித்தபோது, அவர் கற்பித்தவை பலவும் சிங்களச் சொற்களே அல்ல என்பது தெரிந்தது. 1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர், 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றி 1658வரை ஆண்டனர். அவர்களைத் தொடர்ந்து ஒல்லாந்தர் வந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற சொற்கள் இரு மொழிகளிலும் குடியேறின. எங்கள் மேசையும் சப்பாத்தும் யன்னலும் அலுமாரியும் பாணும் போர்த்துக்கேய வழியில் வந்தவை. சிங்களத்திலும் அவை சிறிது உருமாறி வழங்குகின்றன. கந்தோரும் கக்கூசும் ஒல்லாந்தர் தந்தவை. 'பங்குவ', 'வாங்கு' ஆகிய இரண்டும் 'பாங்கோ' என்னும் ஒரே போர்த்துக்கேயச் சொல்லின் பிள்ளைகள். 'பால்திய' என்பது 'பால்டெ' என்னும் போர்த்துக்கேயச் சொல். ஆக, சிங்களவரும் தமிழரும் ஒருவரையொருவர் அந்நியர் என்று சொல்லிக்கொண்டே, உண்மையான அந்நியர் தந்த கதிரைகளில் அமர்ந்திருந்தோம்.

இனி, பேத்திக்குச் சொல்லாத பகுதிக்கு வருகிறேன்.

1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் பதின்மூன்று இராணுவத்தினர் கொல்லப்பட்டனர். மறுநாள் இரவு பொரளையில் தொடங்கிய வன்செயல், 25ஆம் திகதி திங்கட்கிழமை கொழும்பு நகரெங்கும் பரவியது. அன்று இரவுக் கடமை முடிந்து, வெள்ளவத்தையிலிருந்த வீட்டுக்குச் செல்ல ஒரு வானில் ஏறியிருந்தேன். காலி வீதியில் ஒரு கும்பல் வானை மறித்தது. ஒவ்வொருவராக இறக்கினார்கள். ஒருவன் கையில் தகர வாளி இருந்தது. அதனுள்ளே இருந்தது தண்ணீரன்று என்பதை மணமே சொல்லிற்று. அதை என் முகத்துக்கு நேரே உயர்த்தி, "இது என்ன?" என்று சிங்களத்திற் கேட்டான்.

"பால்திய" என்றேன். அய்யா பல வாரங்கள் சொல்லவைத்த அதே ஒலி. போகும்படி தலையசைத்தான்.

எனக்குப் பின்னால் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றார். அவரிடமும் அதே கேள்வி கேட்கப்பட்டது. அவருடைய மறுமொழியை நான் கேட்டேன். முதல் ஒலி, 'பல்' என்பதன் பகரமாக வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, ஓடவுமில்லை. ஓடினால் சந்தேகம் எழும் என்பதால் நடந்தேன். அவர் யார், அவருக்கு என்ன நேர்ந்தது என்று எனக்குத் தெரியாது. அன்று மாலை அயல்வீட்டுச் சிங்களக் குடும்பத்தினர் எங்களைத் தம் வீட்டின் பின்னறையில் ஒளித்துவைத்துக் காத்தனர். அந்த நன்றியை எழுதாமல் விடமுடியாது. வீதியில் நின்ற அந்த மனிதரை எழுதுவதற்கு மட்டும் இத்தனை ஆண்டுகள் சென்றன.

இந்தச் சோதனை எங்கள் நாட்டில் மட்டும் நிகழ்ந்ததன்று. யோர்தான் ஆற்றின் துறைகளில் 'ஷிபோலெத்' என்று உச்சரிக்கத் தெரியாதவர்கள் கொல்லப்பட்டதை விவிலியத்தின் நியாயாதிபதிகள் ஆகமம் கூறுகிறது. 1937இல் டொமினிக்கன் குடியரசில் எயிட்டி மக்கள் படுகொலை செய்யப்பட்டபோது, ஒரு கீரையின் ஸ்பானியப் பெயரைச் சொல்லவைத்து அவர்களை அடையாளம் கண்டதாகக் கூறப்படுகிறது. எங்கள் நாட்டின் கொடுமையில் ஒரு விசித்திரமும் உண்டு. தமிழனைக் காட்டிக்கொடுக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட சொல், சிங்களவனுக்கும் இரவற் சொல். 1956இல் சட்டம் கந்தோரில் வைத்த பரீட்சையைத்தான் 1983இல் கும்பல் வீதியில் வைத்தது என்று எனக்குத் தோன்றும். சிறிய தந்தையார் தோற்ற மறுத்த பரீட்சைக்கு, நான் தோற்றிச் சித்தியடைந்தேன். அதிற் பெருமைப்பட எனக்கு எதுவுமில்லை.

1987இல் நிறைவேறிய பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியென ஏற்றது. 2007இல் வெளிவந்த பொது நிர்வாகச் சுற்றறிக்கை, புதிதாகச் சேரும் அரச உத்தியோகத்தர்கள் இரண்டாவது ஆட்சிமொழியிலும் தேர்ச்சி பெறவேண்டுமென்றது. சட்டப் புத்தகத்துக்கும் கந்தோர் மேசைக்கும் உள்ள தூரத்தை வாசகர்கள் அறிவீர்கள். எனினும், அதன் பயனாக 2015இல் சிங்கள உத்தியோகத்தர் சிலருக்குத் தமிழ் கற்பிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

வகுப்பில் ஓர் இளைஞர் 'பழம்' என்னும் சொல்லோடு போராடினார். எத்தனை முறை முயன்றாலும் 'பலம்' என்றே வந்தது. மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் முகம் சிவந்து, "மன்னிக்கவேணும் சேர், எனக்கு வராது" என்றார். நான் அவர் அருகிற் சென்று, நாவின் நுனியை எங்கே வளைக்கவேண்டுமென்று என் வாயைத் திறந்து காட்டினேன். "அவசரமில்லை மல்லி, இன்னொரு தரம் சொல்லுங்கள்" என்றேன். 'மல்லி' என்ற சொல் என்னையறியாமலே வந்துவிட்டது.

அவருக்கு மூன்று வாரங்கள் பிடித்தன. அந்த மூன்று வாரமும், பிழையாகச் சொன்னால் என்ன ஆகுமோ என்று அவர் ஒருமுறையேனும் அஞ்சத் தேவையிருக்கவில்லை.